நில்லாப் பொருளை அளப்பது எப்படி?



ஒரு படி அரிசியைத் தராசில் நிறுக்கிறோம். காலையில் நிறுத்தாலும் மாலையில் நிறுத்தாலும் எடை ஒன்றுதான். நிறுத்துக் கொண்டிருக்கும்போதே அரிசி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமற் போனால் என்ன செய்வீர்கள்? காலையில் குறித்த எடையை மாலையில் நம்ப முடியுமா?

வேதியியலில் அப்படிப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தில் ஊற்றினால் வெண்ணிறமாக நுரைத்துப் பொங்குமே, அந்த மருந்துக்கடைத் திரவந்தான். இது இருக்கும் இடத்தில் இருந்தபடியே சிதைந்து, நீராகவும் ஆக்சிஜனாகவும் மாறிக்கொண்டிருக்கும். ஆயினும் இதை அளக்காமல் விட முடியாது. திருவள்ளூர் நகரிலுள்ள இரத்தப் பரிசோதனை நிலையத்தில் உங்கள் பாட்டியின் சர்க்கரை அளவைக் கண்டுபிடிப்பதற்கு இதை அளந்தாக வேண்டும். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் கழிவுநீரைப் பெராக்சைடு கொண்டு சுத்திகரித்தால், அந்த நீர் தூய்மையானதா என்று சொல்வதற்கும் இதை அளந்தாக வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் பொருளை எப்படிப் பிடித்து அளப்பது? வாருங்கள், காண்போம்.

நீருக்கு ஓர் உடன்பிறப்பு

நீரின் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன என்பதை அறிவீர்கள். அதனுடன் இன்னும் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகும். 1818-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் தெனார் என்பவர் பேரியம் பெராக்சைடின் மீது அமிலத்தைச் செலுத்தி இதை முதன்முதலில் தயாரித்தார். 'ஆக்சிஜன் ஏற்றப்பட்ட நீர்' என்றே அவர் இதை அழைத்தார்.

கூடுதலாக வந்து சேர்ந்த அந்த ஆக்சிஜன், உறுதியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சமயம் வாய்த்தால் பிரிந்து போகவே பார்க்கும். வெளிச்சம் பட்டால், வெப்பம் பட்டால், இரும்பு, செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களின் சிறு துணுக்குப் பட்டால்கூடப் போதும், சிதைவு விரைவாகும். நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி இந்த வேலையில் எல்லாவற்றையும் மிஞ்சிவிடும். அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் பல இலட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. காயத்தில் நுரை பொங்குவதன் இரகசியம் இதுவே. நல்ல திசுக்களையும் இது பாதிக்கும் என்பதால், ஆறிவரும் காயத்தில் இதைத் திரும்பத் திரும்ப ஊற்ற இக்கால மருத்துவர்கள் சொல்வதில்லை.

சீட்டில் உள்ள எண்ணும் சீசாவில் உள்ள எண்ணும்

மருந்துக் கடைச் சீசாவின் மேல் '20 வால்யூம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். இதன் பொருள் என்ன? ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும் என்பதாகும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 68 கிராம் பெராக்சைடு சிதைந்தால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 லிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும். அப்படியானால் 20 லிட்டர் கிடைக்க ஏறத்தாழ 61 கிராம் வேண்டும். ஆகவே 20 வால்யூம் என்பது ஏறக்குறைய 6 சதவீதக் கரைசல்.

ஆனால் சீட்டில் எழுதியது சீசாவை அடைத்த நாளின் கணக்கு. கடையின் அலமாரியில் வெயில் பட்டதா, வீட்டில் மூடியைச் சரியாக மூடினோமா என்பதெல்லாம் சீட்டுக்குத் தெரியாது. எனவே, ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு: பெராக்சைடைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் அதை அன்றே அளக்க வேண்டும், நேற்றைய எண்ணை இன்று எழுதக் கூடாது.

தாங்கல் கரைசல் என்றால் என்ன?

ஒரு கரைசல் எவ்வளவு அமிலத்தன்மை உடையது என்பதை பி.எச். என்ற எண்ணால் குறிக்கிறோம். 1909-இல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் இந்த அளவுமுறையை வகுத்தார். தூய நீரின் பி.எச். 7. அதைவிடக் குறைந்தால் அமிலம், கூடினால் காரம்.

100 மி.லி. தூய நீரில் ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு துளி விடுங்கள். பி.எச். 7-இலிருந்து 3.3-க்கு விழுந்துவிடும்! அதே துளியை 100 மி.லி. பாஸ்பேட் தாங்கல் கரைசலில் விடுங்கள். கரைசலின் செறிவு 0.05 மோலார் என்று கொண்டால், பி.எச். 7.00-இலிருந்து 6.98 வரைதான் இறங்கும். நல்ல வண்டியில் உள்ள வில் பட்டைகள் மேடு பள்ளத்தை உள்வாங்கிக் கொள்வதுபோல, தாங்கல் கரைசல் அமிலத்தையும் காரத்தையும் உள்வாங்கிக் கொள்கிறது. நம் இரத்தமும் ஒரு தாங்கல் கரைசலே, அதன் பி.எச். 7.4 அளவில் நிலைத்திருப்பதால்தான் நாம் உயிர் வாழ்கிறோம்.

பெராக்சைடைத் தாங்கல் கரைசலில் ஏன் வைக்கிறார்கள்? கார நிலையில் அது விரைவில் சிதையும். அதோடு, அதை அளக்க உதவும் நொதிகள் குறிப்பிட்ட பி.எச். நிலையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே பி.எச்.சைக் கட்டிப் போடுவது அவசியமாகிறது. ஆனால், கட்டிப் போட்டதே சில வேளைகளில் அளப்பவருக்கு இடைஞ்சலாகவும் ஆகிவிடும். எப்படி என்று பாருங்கள்.

பியூரெட் ஏமாறும் இடம்

மேல்நிலை வகுப்பில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டில் எடுத்துப் பருமனறி பகுப்பாய்வு செய்வார்கள். பெராக்சைடையும் இவ்வாறே அளக்கலாம். பிப்பெட்டால் எடுத்த பெராக்சைடுடன் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து ஊதா நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த ஊதா உடனே நிறம் இழக்கும். என்றைக்கும் நிற்காத நிறம் ஒரு கட்டத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும். அதுவே முடிவு நிலை. 0.02 மோலார் பெர்மாங்கனேட் 1 மி.லி. செலவானால், 1.7 மி.கி. பெராக்சைடு இருந்தது என்று பொருள்.

இதில் கந்தக அமிலத்தைப் போதிய அளவு சேர்க்க மறந்துவிட்டால்? பி.எச். 7-இல் உள்ள தாங்கல் கரைசல், நாம் விட்ட சிறிதளவு அமிலத்தை விழுங்கிவிட்டு நடுநிலையிலேயே நிற்கும். நடுநிலையில் பெர்மாங்கனேட் நிறமற்ற மாங்கனீசு உப்பாக மாறாது. பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடாகவே மாறும். அந்தப் பழுப்புப் பொருள் யார் தெரியுமா? ஆக்சிஜன் தயாரிக்கும் சோதனையில் பெராக்சைடைச் சிதைக்க நாமே சேர்க்கும் வினையூக்கி! அளக்க வந்தவனே பொருளைத் திருடிவிடுகிறான். எண் குறைவாக வரும். அதனால்தான் தாங்கல் கரைசலில் உள்ள பெராக்சைடைப் பெர்மாங்கனேட்டால் அளக்கும்போது, தாங்கலை வெல்லும் அளவுக்குக் கந்தக அமிலத்தைத் தாராளமாகச் சேர்க்கிறோம். சிட்ரேட் போன்ற கரிமப் பொருளால் ஆன தாங்கலாக இருந்தால், பெர்மாங்கனேட் அதையும் தாக்கக்கூடும். அப்போது இந்த முறையைக் கைவிடுவதே நல்லது.

ஒளியே தராசு

இங்குதான் இயற்பியல் கைகொடுக்கிறது. பெராக்சைடு நம் கண்ணுக்கு நிறமற்றது. ஆனால் புற ஊதாக் கதிர்களுக்கு அது நிறமற்றதன்று. 240 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை அது உட்கவர்கிறது.

ஒரு வண்ணத் தாள் தன்மேல் படும் ஒளியில் பாதியை மட்டும் விடுகிறது என்று கொள்வோம். இரண்டு தாளை அடுக்கினால் கால் பங்கு வெளிவரும். மூன்று தாளுக்கு அரைக்கால் பங்கு. கரைசலிலும் இப்படித்தான். செறிவு ஏற ஏற, வெளிவரும் ஒளி இதே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும். இதுவே பீயர்-லாம்பர்ட் விதி. உட்புகுந்த ஒளிக்கும் வெளிவந்த ஒளிக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுத்தால், அந்த எண் செறிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மடக்கை அட்டவணை எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதோ ஒரு விடை!

1952-இல் பியர்ஸ், சைசர் என்ற இரு ஆய்வாளர்கள், பி.எச். 7 உள்ள பாஸ்பேட் தாங்கலில் பெராக்சைடை வைத்து, கேட்டலேஸ் அதைச் சிதைக்கும் வேகத்தை 240 நானோமீட்டர் ஒளியால் அளக்கும் முறையை வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இம்முறை கையாளப்படுகிறது. ஒரு செ.மீ. தடிப்புள்ள கரைசலில், லிட்டருக்கு ஒரு மோல் பெராக்சைடுக்கு 43.6 என்ற மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். லிட்டருக்கு 10 மில்லிமோல் இருந்தால் கருவி 0.436 என்று காட்டும். அதாவது 100 பங்கு ஒளியில் ஏறத்தாழ 37 பங்கே வெளிவரும். கரைசலை வைக்கும் சிறு பெட்டி குவார்ட்சால் ஆனதாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தானே விழுங்கிவிடும்.

இம்முறையின் பெருமை என்ன? கரைசலில் எதையும் சேர்ப்பதில்லை, தொடுவதுகூட இல்லை. பெராக்சைடு மறைவதை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கலாம். குறை என்ன? செறிவு மிகக் குறைந்தால் இது உதவாது. லிட்டருக்கு 0.1 மில்லிமோல் மட்டும் இருந்தால் 100-க்கு 99 பங்கு ஒளி வெளிவந்துவிடும். அந்த ஒரு பங்கு வேறுபாட்டை நம்பி எண் சொல்வது கடினம். அதோடு, கரைசலில் வேறு கரிமப் பொருள்கள் இருந்தால் அவையும் இதே கதிரைக் கவரும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் மூவர் இந்த அளவீட்டைச் செய்தார்கள். காலையில் கருவி 0.44 என்று காட்டியது. மாலை ஐந்து மணிக்கு அதே கரைசல் 0.37. மறுநாள் காலை 0.22! பாதி காணவில்லை. ஒருவர் தயாரித்ததை மற்றவர் குறை கூறினார். 'கருவி பழுது, சார்' என்றார் மூன்றாமவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கருவியைச் சோதிக்க, சிதையாமல் நிற்கும் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலை வைத்துப் பார்த்தோம். இரண்டு நாளும் ஒரே எண்ணைக் காட்டியது. ஆகவே கருவி குற்றவாளியன்று. பெராக்சைடுதான் உண்மையிலேயே மறைந்திருந்தது. ஆனால் இவ்வளவு வேகமாகவா?

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். சீசாவை மாற்றினோம், பயனில்லை. பாஸ்பேட் உப்பை மாற்றினோம், பயனில்லை. கடைசியில் நீரை மாற்றினோம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாலை வடிநீர் ஒரு பழைய செம்புக் கலத்திலிருந்து வந்தது. அதன் உட்பூச்சுத் தேய்ந்து போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு செம்பு நீரில் கலந்து, பெராக்சைடைத் தின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக் கலத்தில் வடித்த நீரைப் பயன்படுத்தியதும் எண் நிலைபெற்றது. இரண்டு வாரம் வீணாயிற்று என்று மாணவர்கள் வருந்தினார்கள். வீணாகவில்லை, அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் கற்றதை எந்தப் பாடநூலாலும் கற்பித்திருக்க முடியாது என்றேன். கருவியைப் பழித்துவிட்டு நானும் அன்றே வீட்டுக்குப் போயிருந்தால், தவறான எண்ணே எங்கள் குறிப்பேட்டில் நின்றிருக்கும்.

சர்க்கரைச் சோதனையில் பெராக்சைடு

ஆய்வுக்கூட எண் தவறினால் ஒரு குறிப்பேடு கெடும். மருத்துவச் சோதனையில் தவறினால்?

இரத்தத்தில் உள்ள குளுக்கோசை நம் ஊர்ப் பரிசோதனை நிலையங்கள் எப்படி அளக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்ற இரு நொதிகளையே பயன்படுத்துவார்கள். முதல் நொதி, குளுக்கோசைக் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்த்து குளுக்கோனிக் அமிலமாக மாற்றும். அப்போது ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கும் ஒரு பெராக்சைடு மூலக்கூறு உண்டாகும். இரண்டாவது நொதி, அந்தப் பெராக்சைடைக் கொண்டு நிறமற்ற இரு பொருள்களை இணைத்துச் சிவப்பு நிறச் சாயமாக்கும். அந்தச் சிவப்பின் ஆழத்தை 505 நானோமீட்டர் ஒளியால் அளக்கிறார்கள். ஆகவே சர்க்கரையை அளப்பதாக நாம் நினைப்பது, உண்மையில் தாங்கல் கரைசலில் உள்ள பெராக்சைடை அளப்பதே!

இரத்தத்தில் 100 மி.லி.க்கு 100 மி.கி. குளுக்கோஸ் இருந்தால், சோதனைக் குழாயில் நூறு மடங்கு நீர்த்த பிறகு உண்டாகும் பெராக்சைடு லிட்டருக்கு 0.055 மில்லிமோல் அளவே. நேரடிப் புற ஊதா முறையால் பிடிக்க முடியாத இந்தச் சிறு அளவை, நிறமாக மாற்றிப் பிடித்துவிடுகிறோம். குழாயில் உள்ள தாங்கல், இரு நொதிகளுக்கும் ஒத்து வரும் பி.எச்.சைக் காத்து நிற்கிறது.

இங்கும் திருட்டு உண்டு. வைட்டமின் சி மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டவரின் இரத்தத்தில், அந்த வைட்டமின் பெராக்சைடை வழியிலேயே கவர்ந்து கொள்ளக்கூடும். சாயம் வெளிறும், சர்க்கரை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதனால்தான், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டியின் கழிவுநீர்

சென்னை சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் ஏறி, மீஞ்சூர், பொன்னேரி கடந்து சென்றால் கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு, வேதிப்பொருள், மருந்து எனப் பல வகைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. சுற்றிலும் ஏரிகளும் வயல்களும் இருக்கின்றன. இதே வட்டாரத்தில் ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அந்த ஏரியின் மீனையும் இறாலையும் நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. கழிவுநீர் தூய்மையானதா இல்லையா என்பது இங்கே ஏட்டுக் கேள்வியன்று.

எளிதில் மக்காத வேதிக் கழிவுகளை அழிக்க, ஃபென்டன் முறை என்று ஒரு வழி உண்டு. 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், பெராக்சைடும் ஃபெரஸ் உப்பும் சேர்ந்தால் கரிமப் பொருள்களை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்யும் என்று எழுதினார். இரும்பு பட்டதும் பெராக்சைடு உடைந்து, ஹைட்ராக்சில் என்னும் மிக வீரியமான துகளை விடுவிக்கிறது. அது எதிர்ப்பட்ட கரிம மூலக்கூறுகளைத் துண்டாடுகிறது. பி.எச். ஏறக்குறைய 3 இருக்கும்போது இது நன்றாக நடக்கும். நீரில் பைகார்பனேட் இருந்தால் அது இயற்கையான தாங்கலாக நின்று எதிர்க்கும். கணக்கில் சேர்க்காவிட்டால் விட்ட அமிலம் போதாது.

எல்லாம் முடிந்த பின், கொஞ்சம் பெராக்சைடு மீந்துவிட்டால் என்ன? அது தானே நீராகிவிடும், கெடுதல் என்ன என்று கேட்கலாம். கெடுதல் நீரில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

கழிவுநீரின் தூய்மையை இரண்டு எண்களால் சொல்கிறார்கள். ஒன்று வேதி ஆக்சிஜன் தேவை. நீரைக் கந்தக அமிலத்துடனும் டைக்ரோமேட்டுடனும் இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, எவ்வளவு டைக்ரோமேட் செலவாயிற்று என்று பார்ப்பார்கள். மீந்த பெராக்சைடும் டைக்ரோமேட்டைச் செலவழிக்கும். 34 கிராம் பெராக்சைடு 16 கிராம் ஆக்சிஜன் தேவையாகக் கணக்கில் ஏறும்; அதாவது ஒரு மி.கி.க்கு 0.47 மி.கி. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலுள்ள பொது வரம்பு லிட்டருக்கு 250 மி.கி. ஓர் ஆலையின் நீரில் உண்மையான தேவை 150 என்று வைத்துக்கொள்வோம். பெராக்சைடு 300 மி.கி. மீந்திருந்தால், அது மட்டும் 141 சேர்க்கும். அறிக்கையில் 291! பாடுபட்டுச் சுத்திகரித்த நீர் அழுக்கு நீர் ஆகிவிடுகிறது.

மற்றொன்று உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்று பார்க்கும் சோதனை இது. இங்கே பெராக்சைடு நுண்ணுயிர்களைக் கொல்லும். தானும் ஆக்சிஜனை விடும். எண் குறைந்து வரும். அழுக்கு நீர் தூய நீராகத் தோன்றும்!

பாருங்கள், ஒரே பொருள் ஒரு சோதனையில் இல்லாத அழுக்கை இருப்பதாகவும், மறு சோதனையில் இருக்கும் அழுக்கை இல்லாததாகவும் காட்டுகிறது. முதல் தவறால் நேர்மையான ஆலைக்கு நட்டம். இரண்டாவது தவறால் ஏரிக்கு நட்டம். ஆகவே இந்தச் சோதனைகளுக்கு முன் பெராக்சைடை அளந்து, அதை நீக்கவும் வேண்டும். கழிவுநீரில் பலவகைக் கரிமப் பொருள் இருப்பதால் 240 நானோமீட்டர் முறை உதவாது. அமிலக் கரைசலில் டைட்டானியம் உப்பைச் சேர்த்தால் பெராக்சைடு அழகிய மஞ்சள் நிறம் தரும். அதன் ஆழத்தை அளக்கலாம். நீக்குவதற்குக் கேட்டலேஸ் நொதியே போதும். காயத்தில் நுரையை எழுப்பிய அதே நொதி இங்கே நீதிபதிக்கு உதவியாளர்!

நீங்களே செய்து பாருங்கள்

ஆசிரியர் முன்னிலையில் இதைச் செய்யலாம். ஒரே நாளில் வாங்கிய இரண்டு 20 வால்யூம் சீசாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மற்றதிலிருந்து கொஞ்சம் எடுத்து, வெள்ளைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தளர்வாக மூடி, வெயில் படும் சன்னலில் ஒரு வாரம் வையுங்கள்.

பிறகு ஒவ்வொன்றிலும் 5 மி.லி. பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு 20 மி.லி. நீர் சேருங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது. இரப்பர்க் குமிழைப் பயன்படுத்துங்கள். ரொட்டி செய்யும் ஈஸ்ட் கரைத்த நீரைச் சிறு குழாயில் எடுத்து, அது கொட்டாமல் குடுவைக்குள் இறக்குங்கள். அடைப்பானையும் போக்குக் குழாயையும் பொருத்திய பின் குடுவையைச் சாய்த்தால் ஈஸ்ட் கலக்கும். ஈஸ்டிலும் கேட்டலேஸ் உண்டு. வெளிவரும் வாயுவை, நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவு சாடியில் பிடியுங்கள். புதிய சீசா 100 மி.லி. தர வேண்டும் அல்லவா? ஆனால் அது 0 டிகிரி செல்சியசுக்கான கணக்கு. 30 டிகிரியில் சார்லஸ் விதிப்படி 111 மி.லி. ஆகும், வாயுவில் கலந்துள்ள நீராவியையும் சேர்த்தால் 116 மி.லி. அளவுக்கு வரும். சன்னலில் வைத்தது எவ்வளவு தருகிறது என்று நீங்களே கண்டு எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆலைகளில் 50 சதவீதப் பெராக்சைடும் உண்டு. அது தோலை வெந்துபோகச் செய்யும். அழுக்குப் பட்டால் ஆக்சிஜன் பெருகிக் கலனையே வெடிக்கச் செய்யும். அதன் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் குறிப்பேட்டில் கிடைத்த எண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம். என்று அளந்தீர்கள், எத்தனை மணிக்கு, எந்த வெப்பநிலையில், எந்த நீரில், எந்த பி.எச்.சில் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நில்லாப் பொருளை நிறுத்தி வைக்க நம்மால் முடியாது. ஆனால் அது நின்ற கணத்தை உண்மையாக எழுதி வைக்க முடியும். நாளை நீங்கள் ஒரு பரிசோதனை நிலையத்திலோ கும்மிடிப்பூண்டியின் ஓர் ஆலையிலோ வேலைக்கு அமரும்போது, உங்கள் எண்ணை நம்பி ஒரு நோயாளி மருந்து உண்பார். ஒரு மீனவர் வலை வீசுவார். அந்தப் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்!